காப்புறுதிப் பதிவேடும் மனிதப் பெறுமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

1

வரலாற்றாய்வாளர் கையாளும் ஆவணங்களுட் பெரும்பாலானவை வரலாற்றாய்வாளருக்காக எழுதப்பட்டவையல்ல. கல்வெட்டு, கொடையை நிலைநிறுத்துவதற்காகப் பொறிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு, காணிக்குரிய இறையை அறவிடுவதற்காக எழுதப்பட்டது. எழுதியவனது தேவையும் அவன் சார்ந்து நின்ற வர்க்கத்தின் நலனும் ஆவணத்தின் அமைப்பிலேயே படிந்துவிடுகின்றன. ஆதலின், ஓர் ஆவணம் எதனைக் கூறுகின்றது என்பதோடு, எதனைக் கூறுவதற்கு அதனிடத்தே இடமில்லை என்பதையும் வினவுதல் ஆய்வாளனின் கடனாகும்.

இவ்வினாவை எழுப்புதற்கு மிகவும் ஏற்றதொரு ஆவணம் காப்புறுதிப் பதிவேடாகும். கட்டிடம், இயந்திரம், சரக்கு என்பனவற்றைத் தனித்தனியே பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையை எழுதி, அத்தொகையை அடிப்படையாகக் கொண்டு இடர்ப்பொறுப்பினை ஏற்றல் இன்று வணிகக் காப்புறுதியின் அன்றாட நடைமுறை. இது வெறும் அலுவலக நுணுக்கம் போலத் தோன்றலாம். ஆனால், உடைமை வர்க்கம் தன் செல்வத்தைத் தானே எண்ணி எழுதக் கற்றுக்கொண்ட வரலாறு இதனுள் அடங்கியுள்ளது. பிரித்தானியாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் இவ்வழக்கம் வளர்ந்தவாற்றையும், அவ்வளர்ச்சியில் உழைப்பாளி எங்கு வைக்கப்பட்டான் என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

2

1666 செப்ரெம்பரில் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீ 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. எரிந்த வீட்டுக்கு வாடகை செலுத்துவதா, அதனைக் கட்டியெழுப்புவது உரிமையாளன் பொறுப்பா, குடியிருந்தவன் பொறுப்பா என்ற வழக்குகளைத் தீர்ப்பதற்கெனத் தனியானதொரு நீதிமன்றமே அமைக்கவேண்டியதாயிற்று. இழப்பைத் தாங்குபவன் யார் என்ற கேள்வி, தொடக்கத்திலேயே உடைமை உறவு பற்றிய கேள்வியாக எழுந்தமை மனங்கொள்ளத்தக்கது.

மருத்துவம் பயின்று, பின்னர் காணி வாங்கி வீடு கட்டி விற்கும் தொழிலிற் புகுந்த நிக்கலஸ் பார்பன் என்பார், 1680-ஐ அடுத்து நகரத்தின் முதலாவது தீக்காப்புறுதி நிலையத்தை நிறுவினார். செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையின் நூற்றுக்கு இரண்டரை வீதமும், மரச்சட்டக வீட்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதமும் கட்டணமாக அறவிடப்பட்டன. இங்கு இரு செய்திகளை அவதானிக்கலாம். ஒன்று, வீட்டின் பெறுமதி அதனைக் கட்டச் செலவான உழைப்பைக் கொண்டு அளக்கப்படாது, அது ஈட்டித்தரும் வாடகையைக் கொண்டு அளக்கப்பட்டது. மற்றையது, எரியக்கூடிய தன்மை கட்டிடப் பொருளைக் கொண்டு தரம் பிரிக்கப்பட்டது. மரவீட்டில் வாழும் எளியவன் செங்கல் வீட்டானைவிட இரு மடங்கு விகிதத்திற் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. வறுமையே ஆபத்தான பொருளாக வகைப்படுத்தப்பட்டது எனலாம்.

3

1710-இல் தொடங்கிய 'சன்' தீக்காப்புறுதி நிலையம் இம்முறையை மேலும் விரித்தது. வீட்டை மட்டுமன்றி வீட்டினுள்ளும் கடையினுள்ளும் இருந்த பொருள்களுக்கும் காப்புறுதி வழங்கப்பட்டமையால் அவற்றை எழுதிவைத்தல் இன்றியமையாததாயிற்று. இந்நிலையத்தின் பதிவேடுகள் பெருந்தொகையாக இலண்டனிற் பேணப்பட்டுள்ளன. காப்புறுதி பெறுவோரின் பெயர், தொழில், முகவரி, கட்டிடம் எதனால் ஆனது, அதில் வேறெவர் குடியிருக்கின்றனர் என்பவற்றோடு, வீட்டுப் பொருள், தொழிற் கருவி, சரக்கு, உடுபுடைவை என ஒவ்வொன்றுக்கும் மேற்படாத தொகை இன்னது என்பதும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். சாதாரணம், ஆபத்துடையது, இரட்டிப்பு ஆபத்துடையது என மூவகையாக இடர்கள் பிரிக்கப்பட்டன.

தையற்காரர், தச்சர், மதுக்கடைக்காரர், கணவனை இழந்து தாமே கடை நடத்திய பெண்கள் எனப் பலதரப்பட்ட சிறு உடைமையாளர் இப்பதிவேடுகளில் உலவுகின்றனர். அரசர் வரலாறும் பிரபுக்கள் வரலாறும் கண்டுகொள்ளாத மாந்தர் இவர்கள். அவ்வகையில் இப்பதிவேடுகள் வரலாற்றை விரிவாக்கியுள்ளன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் இவ்வேட்டினுள் நுழைவதற்கு ஒருவரிடம் எரியக்கூடிய உடைமை ஏதேனும் இருத்தல் வேண்டும். தம் இரு கைகளன்றி வேறொன்றுமில்லாதவன் பெயர் அங்கு எழுதப்படக் காரணமேயில்லை.

இக்காலப்பகுதியில் ஆங்கில நாவல் தோன்றியமை தற்செயலான நிகழ்வன்று. 'ரொபின்சன் குரூசோ'வை 1719-இல் வெளியிட்ட டானியல் டீபோ, முன்னொருகால் கப்பற் காப்புறுதியில் ஈடுபட்டுப் போர்க்கால இழப்புக்களால் நொடித்துப்போன வணிகராவார். ஆளற்ற தீவிலே கரையொதுங்கிய அவரது கதாநாயகன் உடைந்த கப்பலிலிருந்து கொணர்ந்த பொருள்களை எண்ணுகின்றான். தன் வாழ்வின் நன்மை தீமைகளையும் வரவு செலவாகப் பிரித்தெழுதுகின்றான். 'மூலதன'த்தின் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் இக்கணக்கேட்டினைச் சுட்டியே, ஆங்கிலேயனுக்குரிய பழக்கத்தோடு குரூசோ ஏடு எழுதத் தொடங்கியதை எள்ளல் கலந்து குறிப்பிடுவார். பொருள்களைப் பட்டியலிட்டுத் தன்னை அறிந்துகொள்ளும் மனோபாவம் பதிவேட்டுக்கும் நாவலுக்கும் பொதுவாயிற்று. அக்கதாநாயகன் ஏறிச்சென்ற கப்பல், அடிமைகளை வாங்குவதற்காக ஆபிரிக்கா நோக்கிப் புறப்பட்டதென்பதை வாசகர் எளிதில் மறந்துவிடுவதும் கவனிக்கற்பாலது.

4

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கைத்தொழிற் புரட்சி தோற்றுவித்த பஞ்சாலை, பதிவேட்டின் எழுத்துமுறையையே மாற்றிற்று. மரத்தளங்களும் எண்ணெயும் பஞ்சுத்தூசியும் மெழுகுவர்த்தியும் ஒருங்கே அமைந்த ஆலை எளிதில் தீப்பற்றியது. ஆதலின் ஆலையை ஒரே தொகையாக மதித்தல் போதாதாயிற்று. கட்டிடத்துக்கு ஒரு தொகை, நீர்ச்சக்கரத்தையும் அச்சுத்தண்டுகளையும் குறிக்கும் ஆலைத்தச்சர் வேலைக்கு ஒரு தொகை, நூற்கும் பொறிகளைக் குறிக்கும் கடிகாரக் கம்மியர் வேலைக்கு ஒரு தொகை, சரக்குக்கு ஒரு தொகை எனப் பிரித்தெழுதும் வழக்கம் ஏற்பட்டது.

பொருளியல் வரலாற்றாசிரியர் ஸ்ரான்லி சாப்மன் இப்பதிவுகளைக் கொண்டே பிரித்தானியப் பஞ்சுத் தொழிலின் நிலை மூலதனத்தை மதிப்பிட்டு 1970-இல் ஆய்வு வெளியிட்டார். ஆக்ரைட் முறையிலமைந்த ஆலையொன்று ஏறக்குறைய 3,000 பவுண் பெறுமதியுடையது என்பன போன்ற செய்திகள் இத்தகைய ஆய்வுகளாற் புலனாயின. மூலதனம் தன் உடலமைப்பைத் தானே விளக்கிய ஆவணம் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கிட்டுவதில்லை.

எனினும் ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். 'கடிகாரக் கம்மியர் வேலை' என்ற சொற்றொடரிலே கம்மியன் இருக்கின்றான். ஆனால் அவன் செய்து முடித்து ஆலையதிபரின் உடைமையாகிவிட்ட வேலையாக மாத்திரமே இருக்கின்றான். அப்பொறியின்கீழ்த் தவழ்ந்து அறுந்த நூலை முடிந்த சிறுவர் சிறுமியருக்கு எந்த வரியும் இல்லை. இறந்த உழைப்புக்குப் பெறுமதி எழுதப்பட்டது. உயிருள்ள உழைப்புக்கு எழுதப்படவில்லை.

5

உயிருள்ள மனிதருக்குப் பெறுமதி எழுதப்பட்ட இடமொன்றும் இருந்தது. அதுவே கப்பற் காப்புறுதி. கப்பற் பயணத்தின் இடரை ஏற்போர் பத்திரத்தின்கீழ்த் தத்தம் பெயரையும் தாம் பொறுப்பேற்கும் பங்கையும் எழுதிக் கையொப்பமிடுவர். இடர்ப்பொறுப்பு ஏற்றலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இவ்வாறு கீழே எழுதும் வழக்கத்திலிருந்தே பிறந்தது. அடிமை வணிகம் தழைத்த காலத்தில் கப்பலில் ஏற்றப்பட்ட ஆபிரிக்கர் சரக்காகவே கொள்ளப்பட்டு, தலைக்கு இன்ன தொகையென மதிப்பிடப்பட்டனர்.

லிவர்பூல் வணிகர் குழுவொன்றுக்குச் சொந்தமான 'ஸோங்' என்னும் கப்பல் 1781-இல் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆபிரிக்கரை ஏற்றிக்கொண்டு ஜமேக்காவை நோக்கிச் சென்றது. வழிதவறிக் குடிநீர் குறைந்துவிட்டது எனக் காரணங்கூறி, நவம்பர் இறுதியிலும் அதனையடுத்த நாள்களிலும் 130-க்கும் மேற்பட்டோரை மாலுமிகள் உயிருடன் கடலில் வீசினர். பின்னர் உரிமையாளர் தலைக்கு 30 பவுண் வீதம் காப்புறுதிப் பணம் கோரினர். அடிமைகள் நோயால் இயற்கையாக இறப்பின் அவ்விழப்பு உரிமையாளரைச் சாரும். ஏனையவற்றைக் காப்பதற்காகச் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் வீசினால் அவ்விழப்பு காப்புறுதியாளரைச் சாரும். இவ்விதியே கோரிக்கைக்கு ஆதாரமாயிற்று.

காப்புறுதியாளர் பணம் செலுத்த மறுத்தமையால் 1783-இல் வழக்கு நடைபெற்றது. வழக்கு, கொலை வழக்கன்று. காப்புறுதி வழக்கு. நடுவர் குழு உரிமையாளருக்குச் சார்பாகவே முடிவு கூறியது. மேல் விசாரணையின்போது பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு, நடுவர் குழு இதனைக் குதிரைகளைக் கடலில் வீசியதற்கு ஒப்பான விடயமாகக் கொண்டதென எடுத்துரைத்தார். மழை பெய்து நீர் கிடைத்த பின்னரும் கொலை தொடர்ந்தது எனத் தெரியவந்தமையால் மறு விசாரணைக்கு அவர் இடமளித்தார். அவ்விசாரணை நடந்தமைக்குச் சான்றில்லை. கப்பலின் நாட்பதிவேடும் காணாமற்போயிற்று. பணம் கோரும் ஆவணம் எஞ்சியது, நடந்ததைக் கூறும் ஆவணம் மறைந்தது என்ற முரணை வரலாற்றாய்வாளர் ஆழ்ந்து சிந்தித்தல் தகும்.

தானும் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலோடா எக்வியானோ இச்செய்தியைக் கிரன்வில் ஷார்ப்பிடம் கொண்டுசென்றார். ஷார்ப் கொலைக் குற்றச்சாட்டுக் கொணர முயன்றும் பயன் கிட்டவில்லை. எனினும் அடிமை வணிக எதிர்ப்பியக்கத்துக்கு இவ்வழக்கு உந்துதலளித்தது. 1788-ஆம் ஆண்டின் சட்டம் அடிமைகள்மீது பெறக்கூடிய காப்புறுதியைக் கட்டுப்படுத்தியது. 30 பவுண் என்ற எண்ணை எழுதியவர்கள் அதனை ஒரு சாதாரணக் கணக்கு விவரமாகவே கருதினர். மக்கள் இயக்கமே அவ்வெண்ணைக் குற்றத்தின் சான்றாக மாற்றி வாசித்தது.

ஸோங் வழக்கையும் பஞ்சாலையையும் தனித்தனியே நோக்குதல் பொருந்தாது. இரண்டும் ஒரே தசாப்தத்துக்குரியவை. ஆலைப் பதிவேட்டில் 'சரக்கு' என்ற வரியிலே அடங்கிய பஞ்சின் கணிசமான பகுதி, மேற்கிந்தியத் தோட்டங்களில் அடிமைகளது உழைப்பால் விளைந்தது. கடலின் ஒரு கரையில் மனிதன் உடைமையாக எழுதப்பட்டான். மறு கரையில், உடைமையல்லாமையால், எழுதப்படாது விடப்பட்டான். இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்களேயாம்.

6

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகச் சரக்குகள் துறைமுகப் பண்டகசாலைகளில் மலையெனக் குவிந்தன. 1861 யூன் 22-இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரூலி வீதிப் பண்டகசாலைகளில் மூண்ட தீ, பஞ்சு, கொழுப்பு, சணல் முதலியவற்றை விழுங்கி இரு வாரங்கள் எரிந்தது. இலண்டன் தீயணைப்பு நிலையத்தின் தலைவர் ஜேம்ஸ் பிறெய்ட்வுட் சுவரிடிந்து மாண்டார். அந்நிலையம் 1833-இல் காப்புறுதிக் கம்பனிகளால் நிறுவப்பட்டு அவற்றின் பணத்திலே இயங்கிய ஒன்றாகும். பேரிழப்புக்குப் பின்னர் அப்பொறுப்பைத் தாம் தாங்கவியலாதெனக் கம்பனிகள் கைவிரித்தன. 1866 முதல் தீயணைப்பு பொதுச் சேவையாயிற்று. இலாபம் தரும்வரை தனியாரிடமும், நட்டம் தருங்கால் பொதுமக்களிடமும் பொறுப்பு மாறுகின்ற நியதிக்கு இது பழையதோர் உதாரணம்.

தீயின் பின்னர் பண்டகசாலைகள் மேலும் நுணுக்கமாகத் தரப்படுத்தப்பட்டுக் கட்டணங்கள் உயர்த்தப்பட்டன. அதனை எதிர்த்த வணிகர் தமக்கெனப் புதிய கம்பனியொன்றை அதே ஆண்டில் தொடங்கினர். பெறுமதியைச் சரியாக எழுதச் செய்வதே இக்காலத்தின் தலையாய பிரச்சினையாயிற்று. காப்புறுதித் தொகைமீது 1782 முதல் 1869 வரை அரசு வரி அறவிட்டமையாலும், கட்டணத்தைக் குறைக்கும் நோக்காலும், உடைமையாளர் குறைத்து எழுதினர். இதற்கெதிராக விகிதாசார விதி கையாளப்பட்டது. 1,000 பவுண் பெறுமதியான சரக்கு 500 பவுணுக்கே எழுதப்பட்டிருப்பின், 400 பவுண் இழப்புக்கு 200 பவுணே வழங்கப்படும். எழுதாத பாதிக்கு உடைமையாளன் தானே காப்புறுதியாளன் என்பது இதன் தத்துவம். கூட்டி எழுதினாலோ, எரிப்பது இலாபமாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஆகவே உடைமையாளனது சொல் மட்டும் போதாது, கண்ட சான்றும் வேண்டும் என்ற நிலை பிறந்தது.

இதன் விளைவே தீக்காப்புறுதி நிலப்படங்கள். அமெரிக்காவில் 1867-இல் சான்போணும், கனடாவில் 1875-இல் சாள்ஸ் கோட்டும் இத்தொழிலைத் தொடங்கினர். கோட் நிறுவனம் 1880-களின் நடுப்பகுதி முதல் பிரித்தானிய நகரங்களையும் வரைந்தது. செங்கற் கட்டிடம் இளஞ்சிவப்பாகவும் மரக்கட்டிடம் மஞ்சளாகவும் தீட்டப்பட்டன. மாடிகளின் தொகை, கூரையின் வகை, நீர்க்குழாய் இருக்குமிடம் யாவும் குறிக்கப்பட்டன. நகரம் முழுவதும் எரியக்கூடிய சொத்தாக வாசிக்கப்பட்ட படம் இது.

7

இவ்வளவு நுணுக்கமான எழுத்துமுறையும் எதனைக் காணாது விட்டது என்பதற்கு 1911 மார்ச் 25-இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீ சான்றாகும். பத்து மாடிக் கட்டிடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய அத்தொழிற்சாலையில் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம் பெண்கள். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்ததெனத் தப்பியோர் சாட்சியமளித்தனர். எனினும் உரிமையாளர் இருவரும் அவ்வாண்டின் இறுதியிலே விடுதலை செய்யப்பட்டனர்.

நிரூபிக்கப்பட்ட சொத்திழப்பிலும் ஏறக்குறைய 60,000 டொலர் கூடுதலான தொகையை அவ்விருவரும் காப்புறுதியாகப் பெற்றனர். மாண்டோர் தொகையால் அதனை வகுத்தால் ஒருவருக்கு 400 டொலருக்கு மேலாகும். 1914-இல் குடும்பங்கள் தொடுத்த வழக்குகள் உயிரொன்றுக்கு 75 டொலராகத் தீர்க்கப்பட்டன. கட்டிடமோ தீக்குத் தாக்குப்பிடிக்கக்கூடியதாக அமைக்கப்பட்டிருந்தது. அது இன்றும் நிற்கின்றது. இடரை மதிப்பிடும் கலை தன் நோக்கில் தோல்வியடையவில்லை. கட்டிடத்தைக் காப்பதே அதன் நோக்கம், கட்டிடம் காக்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் எழுந்த தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் தொழிற்சங்கங்களின் போராட்டத்தாற் கிட்டியவையேயன்றிப் பதிவேட்டின் வரிகளிலிருந்து முளைத்தவையல்ல.

8

இவ்வாறு கூறுவதால் காப்புறுதியே வேண்டாததொன்று எனக் கொள்ளலாகாது. தனி முதலாளியின் இழப்பை முதலாளி வர்க்கம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும் பொறியமைப்பாகக் காப்புறுதிக் கம்பனிகளை மார்க்ஸ் 'மூலதன'த்தின் இரண்டாம் பாகத்தில் விளக்குவார். அதே மார்க்ஸ், 1875-இல் எழுதிய 'கோத்தா வேலைத்திட்ட விமர்சன'த்தில், சமூக உற்பத்தியின் முழுமையிலிருந்து முதலிற் கழிக்கப்பட வேண்டியவற்றுள் விபத்துக்களுக்கும் இயற்கை அழிவுகளுக்குமான காப்பு நிதியையும் சேர்ப்பார். ஆகவே இடரைச் சமூகம் பகிர்ந்துகொள்ளல் மானுடத் தேவை. அதனை யார் எழுதுகின்றனர், எதனை எழுதத் தகுந்ததெனக் கொள்கின்றனர் என்பதே வர்க்கப் பிரச்சினை.

எமது நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. காப்புறுதி வணிகத்தின் பெரும்பகுதி பிறநாட்டுக் கம்பனிகளிடமும் அவற்றின் கொழும்பு முகவர்களிடமும் இருந்த நிலையில், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதற்குக் காரணராயிருந்த அமைச்சர் டி. பி. இலங்கரத்ன, 'அம்ப யஹலுவோ' என்ற சிங்கள நாவலின் ஆசிரியருமாவார். 1964 முதல் பொதுக் காப்புறுதியும் அரசின் தனியுரிமையாயிற்று. 1980-களில் அத்தனியுரிமை தளர்ந்தது. 2003-இல் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த நிறுவனம் தனியார்மயமாக்கப்பட்டு, 2009-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் மீண்டும் அரசிடம் வந்தது. உடைமை கைமாறிய இம்மாற்றங்களிடையே ஏட்டின் அமைப்பு மாறியதா என்பதே கேட்கவேண்டிய வினா. தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை தோட்டத்தின் ஆதனம். அதனுள் வாழும் தொழிலாளியின் பெட்டியும் பிள்ளையின் பாடப்புத்தகமும் அவ்வாதனத்தில் அடங்கா. மலையகத்து லயன்களில் தீ பரவிய செய்தி வருந்தோறும் இவ்வேறுபாடு வெளிப்படுகின்றது.

1983 யூலையில் தமிழர்க்குரிய கடைகளும் தொழிற்சாலைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன, மக்கள் கொல்லப்பட்டனர். அழிந்த சொத்துக்களைப் பொறுப்பேற்பதற்கென அவ்வாண்டு அவசரகால விதிகளின்கீழ் அமைக்கப்பட்ட நிறுவனம், ஆதனங்கள், கைத்தொழில்கள் ஆகியவற்றுக்கான புனர்வாழ்வு அதிகாரசபையாகும். 1987-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக அது மீள அமைக்கப்பட்டபோது அப்பெயரின் முன்னே 'ஆட்கள்' என்ற சொல்லும் சேர்க்கப்பட்டது. ஒரு பெயரை மாத்திரம் கொண்டு அதிகம் கூறிவிடலாகாது என்பதை ஆய்வாளர் அறிவர். ஆயினும், எரிந்த கட்டிடம் உடனே பெற்ற இடத்தை மனிதர் பெறுதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன என்பதை அப்பெயரே பதிந்து வைத்துள்ளது.

9

இன்று பெறுமதி அட்டவணைகள் கணினியிலே தயாரிக்கப்படுகின்றன. கட்டிடத்தை மீளக் கட்டும் செலவு, இயந்திரம், சரக்கு, தொழில் தடைப்படுவதால் இழக்கும் இலாபம் என வரிகள் பெருகியுள்ளன. தொழிலாளரின் கூலியும் சில வேளைகளில் அதில் இடம்பெறுவதுண்டு, உரிமையாளன் தொடர்ந்து தாங்கவேண்டிய செலவாக. கருவி புதியது. ஆனால் சன் நிலையத்து எழுத்தன் இறகுப் பேனாவால் இட்ட கோடுகளே இன்றைய கட்டங்களின் முன்னோடிகள்.

முற்போக்கு ஆய்வாளர் இவ்வாவணங்களைப் புறக்கணித்தல் தவறு. முதலாளியம் தன் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதிய ஏடுகள் இவை. ஆலையின் பெறுமதியை அவற்றிலிருந்து அறிவோம். பண்டகசாலையின் நீளத்தை அறிவோம். ஆனால் அவ்வேட்டோடு நின்றுவிடின், எழுதியவன் கண்ணாலேயே உலகைக் காண்போராவோம். எக்வியானோவின் நினைவும் தையற் பெண்களின் சாட்சியமும் தோட்டத் தொழிலாளியின் வாய்மொழியும் அதே மேசையில் அருகே வைக்கப்படும்போதே 30 பவுண் என்ற எண்ணின் உண்மைப் பொருள் விளங்கும். அவ்வாறு அருகருகே வைத்து வாசித்தலே நம் முன் உள்ள பணியாகும்.